மெய்யெல்லாம் மெய்யல்ல: பழைய ஜப்பானிய வாளைச் செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஜப்பானிய வாளின் பிடியைக் கழற்றினால், உள்ளே ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறிய இரும்பு மறைந்திருக்கும். வாளைச் செய்த கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டுவது அங்கேதான். அந்தக் கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்' என்று பெயர். கையெழுத்தே இல்லாத வாள் 'முமெய்'. இன்னொருவர் பெயரைப் பொய்யாக வெட்டிய வாள் 'கிமெய்'. நம் காதுக்கு இது கொஞ்சம் குறும்பாகத்தான் கேட்கிறது. ஏனென்றால் இந்தத் துறைக்குள் நுழைகிறவருக்கு முதலில் சொல்லித்தருவதே, மெய்யை நம்பாதே என்பதுதான்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நாகசோனே கோதெத்சு என்று ஒரு கொல்லர் இருந்தார். கவசம் செய்துகொண்டிருந்தவர், நடுவயது தாண்டிய பிறகு வாள் தொழிலுக்கு வந்தார். அவர் வாளுக்கு இருந்த கிராக்கியில் போலிகள் குவிந்தன. "கோதெத்சுவைக் கண்டால் போலி என்றே நினை" என்று ஜப்பானில் ஒரு சொலவடையே உண்டு. அவர் பெயரில் வரும் புலி என்ற எழுத்தை ஒரு காலத்தில் கடைசிக் கோடு மேலே துள்ளும்படியும், பிற்காலத்தில் பெட்டி போலக் கட்டமாகவும் வெட்டினார். இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டு, 'இனி நான் ஏமாற மாட்டேன்' என்று நினைப்பவர்கள் உண்டு. போலி செய்கிறவரும் அதையேதான் படித்திருப்பார்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பவர் எச்சூ நாட்டுக் கோ யோஷிஹிரோ, 14ஆம் நூற்றாண்டுக்காரர். ('நாடு' என்றால் இங்கே ஜப்பானின் பழைய மாகாணம்.) அவர் கையெழுத்திட்ட வாள் என்று ஒன்றுகூட உறுதியாகக் கிடைத்ததில்லை. "கோவின் வாளையும் பேயையும் கண்ணால் கண்டவர் இல்லை" என்பது அவரைப் பற்றிய சொலவடை. ஆனாலும் ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர், அதாவது ஷோகுன், தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் தொகுக்கப்பட்ட புகழ்பெற்ற வாள்களின் பட்டியலில் முதலிடம் பெற்ற மூன்று கொல்லர்களில் அவரும் ஒருவர். மற்ற இருவர் அவாத்தாகுச்சி யோஷிமித்சு, மசாமுனே.

பெயர் இருந்தால் நம்பக்கூடாது, பெயர் இல்லாவிட்டாலும் பெயர் சொல்ல முடியும் என்றால், எதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்?

கச்சேரிக்குத் தாமதமாகப் போய் உட்காருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடல் எதுவென்று தெரியாது. நாலு சங்கதி கேட்டதும் ராகம் பிடிபடுகிறது. நடையைக் கேட்டு 'இது தீட்சிதராகத்தான் இருக்க வேண்டும்' என்று தோன்றுகிறது. பிறகு சரணத்தில் 'குருகுஹ' முத்திரை வரும்போது தலையாட்டிக்கொள்கிறார். வாளிலும் வரிசை இதுதான்: ராகம் முதலில், முத்திரை கடைசியில்.

இந்தக் கலைக்குக் 'காந்தெய்' என்று பெயர். பயிற்சிக் கூட்டங்களில் பிடிக்குள் இருக்கும் பகுதியைத் துணியாலோ மரப்பிடியாலோ மறைத்துவிட்டு வாளை மட்டும் வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, வணங்கி, வாளை எடுத்து, பேச்சு மூச்சில்லாமல் பார்த்து, ஒரு சீட்டில் கொல்லரின் பெயரை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் 'அதாரி', இலக்கு தைத்தது என்று பொருள். தந்தை பெயருக்கு மகன் பெயரையோ, குருவின் பெயருக்கு நேர்ச் சீடர் பெயரையோ எழுதியிருந்தால் 'தோஸென்', ஏறக்குறைய அதே. பள்ளி, அதாவது ஒரே குருவழியில் வந்த கொல்லர்களின் மரபு, தப்பென்றால் 'இயா', இல்லை. வேறு பதில்களும் உண்டு: வழி சரி ஆனால் ஆள் வேறு என்பது ஒன்று, காலமே தவறு என்பது இன்னொன்று. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு திரும்பவும் வாளைப் பார்த்து இன்னொரு பெயர் எழுதலாம். மொத்தம் மூன்று வாய்ப்பு. தவறான பதிலிலும் இத்தனை தரம் பிரிப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கொல்லரைத் தனி ஆளாகப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தில், ஒரு ஊரில், ஒரு நூற்றாண்டில் வைத்தே பார்க்கிறார்கள்.

முதலில் நூற்றாண்டு

வாளைக் கை நீட்டி நிமிர்த்திப் பிடித்து முதலில் பார்ப்பது வடிவத்தை. ஜப்பானிய மொழியில் 'சுகத்தா'. இது யார் செய்தார் என்பதைச் சொல்லாது, எப்போது செய்தார் என்பதைச் சொல்லும். வாள் எப்படிப் பயன்பட்டதோ அப்படித்தான் அதன் உருவம் மாறியது.

12ஆம் நூற்றாண்டு வாக்கில் குதிரையேறிய வீரர்கள் இடுப்பில் கூர்ப்பக்கம் கீழாகத் தொங்கவிட்டது 'தாச்சி'. ஒல்லியான உடல், சிறிய முனை, பிடிக்குச் சற்று மேலேயே விழுந்துவிடும் ஆழமான வளைவு. அங்கிருந்து முனைவரை வாள் கிட்டத்தட்ட நேராகப் போகும். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் உடல் அகன்று, முனை குட்டையாகவும் தடியாகவும் ஆகிறது. அதைக் காட்டுப்பன்றிக் கழுத்து என்பார்கள். 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் வந்து போகின்றன. அடுத்து, அரசவை இரண்டாகப் பிளந்து கிடந்த 1336 முதல் 1392 வரையான காலத்தில் வாள்கள் பூதாகரமாகின்றன. மூன்று ஷாக்கு, அதாவது 90 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம், மிகப் பெரிய முனை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் காலாட்படை பெருகியதும், இடுப்புக் கச்சையில் கூர்ப்பக்கம் மேலாகச் செருகி, உருவும்போதே வெட்டத் தோதான குட்டையான வாள் வருகிறது. வளைவு முனைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய 'கத்தானா' இந்த வழியில் வந்தது. 1661 முதல் 1673 வரையான கான்புன் காலத்து வாள்களோ கிட்டத்தட்ட நேர்கோடு.

இந்த வரிசையை மனப்பாடம் செய்தவுடன் ஒரு சிக்கல் வந்து நிற்கும். அந்தப் பூதாகர வாள்களைப் பிற்காலத்தவர் அப்படியே விட்டுவைக்கவில்லை. காலத்துக்கு ஏற்பக் குட்டையாக்கினார்கள். முனையை வெட்ட முடியாது. அங்கே கடினப்படுத்திய இரும்பு இருக்கிறது. ஆகவே பிடிப் பக்கத்திலிருந்து வெட்டுவார்கள். வெட்டினால் முதலில் போவது கையெழுத்து. மிகச் சிறந்த பழைய வாள்களில் பாதிக்கு மேல் பெயரில்லாமல் நிற்பது போலத் தோன்றுவதற்குக் காரணம், கொல்லர் கையெழுத்திடாதது அல்ல, பின்னால் வந்தவர் வெட்டி எறிந்தது. சிலருக்கு மனசு வராமல், பெயர் உள்ள துண்டை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்துப் புதிய அடிப்பகுதியில் படம் மாட்டுவது போலப் பதித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் அந்தப் பகுதியை மெல்லியதாக்கி மறுபக்கம் மடித்துப் பதித்திருக்கிறார்கள். அப்படி மடித்தால் பெயர் தலைகீழாக நிற்கும்.

வெட்டினால் கையெழுத்து மட்டும் போகாது, பிடியருகே இருந்த வளைவும் போகும். எனவே வடிவத்தைப் பார்க்கும்போது, இன்று கையில் இருக்கும் வாளைப் பார்த்தால் போதாது, வெட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனையில் நீட்டிப் பார்க்க வேண்டும். பிடியோடு பிணைக்க மூங்கில் ஆணி செருகும் ஓட்டை ஒன்றுக்கு மேல் இருந்தால், குட்டையாக்கிய கதைக்கு அது ஒரு சாட்சி.

பிறகு இரும்பு

கொல்லர் இரும்பைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டிப் பற்றவைப்பார். பத்து முறை மடித்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். சாணை பிடித்து மெருகேற்றிய பிறகு அந்த அடுக்குகள் மரத்தின் இழை போல மேற்பரப்பில் தெரியும். இதுதான் 'ஹடா', அதாவது தோல். தச்சுப் பட்டறையில் பலகை பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. பலகையின் அலையலையான இழை போன்றது 'இத்தமே'. மரக்கணுவைச் சுற்றி இழை சுழல்வது போன்றது 'மொகுமே'. கோடு போட்டாற்போல் நேராக ஓடுவது 'மசமே'. வடக்கே தேவா நாட்டின் கஸ்ஸான் பள்ளியில் இழை சீராக வளைந்து வளைந்து போகும், பார்த்தால் மறக்காது. கியூஷூ தீவின் ஹிஸென் நாட்டு வாள்களில் இழை மிக நுண்ணியதாக, அரிசித் தவிடு தூவினாற்போல் இருக்கும். அதன் பெயரே 'கொனுக்கா', தவிடு என்று.

ஆரம்பத்தில் இது எதுவும் கண்ணில் படாது. வெறும் சாம்பல் நிறப் பளபளப்பு மட்டுமே தெரியும். விளக்கைச் சற்றே நகர்த்தி, வாளைச் சற்றே சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், திடீரென்று ஒரு நொடியில் இழை எழுந்து வரும். அருங்காட்சியகத்தில் வாளைச் சாய்க்க முடியாதே, அதனால் பார்ப்பவர் சாய வேண்டியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முட்டியை மடக்கியும் எழுந்தும் உட்கார்ந்தும் தோப்புக்கரணம் போடுவதுபோல் அசைபவரைக் கண்டால் அவர் வாள் பார்க்கத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

அதன்பின் நெருப்பு

கூர்ப்பக்கத்தை ஒட்டி, வெண்மையாக ஒரு கோடு ஓடும். 'ஹமோன்'. வாளைச் சூடாக்குமுன் முதுகுப் பக்கம் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் களிமண் பூசுவார்கள். செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது, மண் மெலிந்த இடம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். தடித்த இடம் மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைதான் ஹமோன். கூர்ப்பக்கத்து இரும்பு கடினமாகும்போது சற்றே விரிவதால் வாளின் வளைவும் அந்த நொடியில் கூடுகிறது.

எல்லைக்கோடு எப்படிப் போகிறது என்பது ஒன்று. எதனால் ஆனது என்பது இன்னொன்று. புதியவர்கள் முதலாவதோடு நின்றுவிடுவார்கள். காந்தெய் தெரிந்தவர்கள் இரண்டாவதில்தான் நேரம் செலவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் அந்த எல்லை சின்னச் சின்ன மின்னும் துகள்களால் ஆனது. தனித்தனியாக எண்ணலாம் போல் தெரிந்தால் 'நியே'. பிரித்தறிய முடியாமல் மூட்டமாகக் கிடந்தால் 'நியோய்'. ரவைக்கும் மாவுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பொருள்தான், பருமனில்தான் வேறு. ஆனால் பள்ளிகளைப் பிரிப்பதில் இந்த ரவையும் மாவும் செய்யும் வேலையை வேறெதுவும் செய்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்று பார்க்கும் பல வாள்களில், மெருகேற்றுபவர் ஹமோனை எடுத்துக்காட்டுவதற்காக அதன்மேல் கல்லால் தேய்த்து வெண்மையூட்டியிருப்பார். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிவது அவருடைய கைவேலை. கொல்லரின் கோடு அதற்கு அடியில், விளக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்.

ஐந்து ஊர்களின் கைமணம்

1596க்கு முந்தைய வாள்களைப் 'பழைய வாள்' என்பார்கள். அவற்றை ஐந்து மரபுகளாகப் பிரிப்பது வழக்கம். இந்த ஐந்து பிரிவு பழங்காலத்துக் கொல்லர்களே வைத்துக்கொண்டது அல்ல, பின்னால் வந்த மதிப்பீட்டாளர்கள் படிப்பதற்கு வசதியாக வகுத்தது. அதற்குள் அடங்காத கொல்லர்கள் எத்தனையோ பேர்.

யமாஷிரோ என்பது தலைநகர் கியோட்டோவைச் சுற்றிய நாடு. அரசவைக்கு வேலை செய்தவர்கள். நாசூக்கான வளைவு, நெருக்கமான இழை, அலட்டிக்கொள்ளாத நேர்க்கோட்டு ஹமோன், அதில் பொடி நியே. நாராவைச் சேர்ந்த யமாத்தோ மரபு, ஆயுதம் தாங்கிய துறவிகளைக் கொண்ட பெரிய பௌத்தக் கோயில்களின் நிழலில் வளர்ந்தது. அவர்களுக்கு நேர் இழை அடையாளம். அதிலும் ஹோஷோ பள்ளியின் வாள் முழுக்க முழுக்க மசமேதான்.

பிஸென் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எஞ்சியிருக்கும் பழைய வாள்களில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்து வந்தவை. இன்றைய ஒக்கயாமா மாகாணத்தில் யோஷீ ஆற்றங்கரையில் ஒசாஃபுனே என்ற ஊர். மலையில் இரும்பு மணல், ஆற்றில் படகு, சந்தைக்குப் போகச் சாலை. தலைமுறை தலைமுறையாக அங்கே உலைகள் அணையவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளம் வந்து ஊரையே அடித்துச் சென்ற பிறகுதான் அந்தப் பெருந்தொழில் ஒடுங்கியது. பிஸென் ஹமோன் நியோய், நம் கணக்கில் மாவு. அதன் உச்சக்கட்டக் கோலத்துக்கு 'ச்சோஜி' என்று பெயர். ச்சோஜி என்றால் கிராம்பு. கிராம்பு மொட்டுகளை வரிசையாக நெருக்கி நட்டு வைத்தாற்போல் கோடு ஏறி இறங்கும். வாள் துருப்பிடிக்காமல் பூசும் எண்ணெய்க்கும் கிராம்பு வாசனை ஏற்றுவது வழக்கம் என்பது தற்செயலான ஒற்றுமை. பிஸெனின் இன்னொரு அடையாளம் 'உத்சுரி'. ஹமோனுக்கு மேலே, வாளின் உடலில், மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்தது போல ஒரு மங்கல் நிழல். விளக்குக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தெரிந்து மறையும். அது தெரிந்துவிட்டால் சீட்டில் பிஸென் பெயர்களைத் தேடத் தொடங்கலாம்.

சோஷூ மரபு பிறந்தது காமகுரா நகரத்தில். ஷோகுனின் ஆட்சி அங்கே அமைந்ததும் பிற ஊர்களிலிருந்து கொல்லர்கள் வந்து சேர்ந்தார்கள். ஷிந்தோகோ குனிமித்சு, யுகிமித்சு, பிறகு மசாமுனே. இங்கே ரவை, அதுவும் தாராளமாக. இழையும் ஹமோனும் ஒன்றையொன்று ஊடுருவி, மின்னல் கீற்றுகள், கறுத்து மினுங்கும் வளைகோடுகள் என்று இரும்புக்குள் வானிலை மாறிக்கொண்டே இருக்கும். பிஸென் வாளில் திட்டம் தெரியும். சோஷூ வாளில் கொந்தளிப்பு தெரியும். இது என் ரசனை சார்ந்த பேச்சுதான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மினோ மரபின் ஊர் இன்றைய கிஃபு மாகாணத்தின் செக்கி. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நல்ல வெட்டுக்குப் பெயர் வாங்கிய வாள்கள். ஹமோனில் கூரான முகடுகள் வந்தால் செக்கியை நினைக்கலாம். மினோ மரபின் கனேமோட்டோவுடைய கோடு மூன்று மூன்று தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும்.

1596க்குப் பிறகு கதை மாறுகிறது. கோட்டை நகரங்கள் பெருகின, கொல்லர்கள் இடம் பெயர்ந்தார்கள், இரும்பு தூர ஊர்களுக்கும் பயணப்பட்டது. ஊருக்கு ஊர் இருந்த மண்வாசனை மங்கியது. எனவே இந்தப் 'புதிய வாள்'களில் ஊரைவிட ஆளைத் தேடுவது பலன் தரும். ஒசாகாவின் சுகேஹிரோவுடைய ஹமோன் கடலலை பொங்கிப் புரண்டு வருவதுபோல் இருக்கும். பலர் அதைப் பின்பற்றினார்கள்.

கடைசியில் பிடியைக் கழற்றலாம்

பிடிக்குள் இருக்கும் பகுதிக்கு 'நகாகோ' என்று பெயர். அதில் முதலில் எழுத்தைப் படிக்காமல் துருவைப் படிக்க வேண்டும். நூற்றாண்டுகளாக மெல்லப் படிந்த துரு, கருத்து, வழவழப்பாக, இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும். அமிலத்தால் அவசரமாக வரவழைத்த துரு செம்மையாக, பொரிந்து நிற்கும். கையெழுத்தின் பள்ளங்களுக்குள் இருக்கும் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே வயதா? பழைய துருவைக் கிழித்துக்கொண்டு புதிய எழுத்து உட்கார்ந்திருக்கிறதா? போலிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறகு அரத்தின் கோடுகள். குறுக்காக, சாய்வாக, பருந்தின் இறகு போல இருபுறமும் சரிந்து என்று பள்ளிக்கொரு வழக்கம். பிறகு நகாகோவின் உருவம். இசே நாட்டு முராமாசாவின் நகாகோ ஒரு சிறு மீனின் வயிறு போலப் புடைத்து ஒடுங்கும். அவருடைய ஹமோன் வாளின் இரு பக்கங்களிலும் ஒத்துப்போகும். வேறொருவர் வாளில் முராமாசா என்று வெட்டிவிடலாம். ஹமோனை மாற்ற முடியாதே.

ஒரு நல்ல கையெழுத்து எப்படியிருக்கும் என்று ஒன்றை எடுத்துப் பார்ப்போம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியச் செல்வமாக இருக்கும் ஒரு தாச்சியின் நகாகோவில், ஒரு பக்கம் எட்டு எழுத்துகள்: பிஸென் நாடு, ஒசாஃபுனேவில் வசிக்கும் காகெமித்சு. ஒசாஃபுனே என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு நேர்ப்பொருள் நீண்ட படகு. மறுபக்கம் தேதி: கெங்கோ இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், நாள். நம் கணக்கில் 1322. மாதத்துக்குப் பிறகு 'நாள்' என்று மட்டும் போட்டுவிட்டு எந்த நாள் என்று சொல்லாமல் விடுவது வாள் கொல்லர்களின் வழக்கம். பெரும்பாலான வாள்களில் மாதம்கூட இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்று சம்பிரதாயமாகத்தான் வெட்டுவார்கள். தாச்சி என்பதால் கூர்ப்பக்கம் கீழே தொங்கும்போது உடலுக்கு வெளிப்புறம் எது வருமோ அந்தப் பக்கத்தில் பெயர். கத்தானாவில் இது மறுபக்கத்துக்கு மாறும். எந்தப் பக்கம் பெயர் இருக்கிறது என்பதே அது எப்படி அணியப்பட்ட வாள் என்பதைச் சொல்லிவிடும். விதிவிலக்கும் உண்டு: ஹிஸென் நாட்டுத் தாதாயோஷி வழியினர் கத்தானாவிலும் தாச்சிப் பக்கமாகவே பெயர் வெட்டினார்கள்.

காகெமித்சு, கிராம்புக்குப் பேர்போன நகாமித்சுவின் மகன். மித்சுதாதா, நகாமித்சு, காகெமித்சு, கனேமித்சு என்று தலைமுறை தலைமுறையாக ஓடும் வீடு அது. அப்பாவின் ஆடம்பரத்தை மகன் அடக்கினார். அவருடைய அடையாளம், ஒருபுறம் சரிந்து மறுபுறம் செங்குத்தாக விழும் ரம்பப் பல் போன்ற ஹமோன். இந்த வாளின் நகாகோவுக்கு அருகில் ஒரு குட்டி டிராகன் செதுக்கப்பட்டிருக்கிறது. வாளைப் பிற்காலத்தில் குட்டையாக்கியபோது பிடி மேலே ஏறி, டிராகனின் உடல் பிடிக்குள் போய், இப்போது எட்டிப் பார்ப்பதுபோல் தலை மட்டும் வெளியே. அதனால் 'எட்டிப் பார்க்கும் டிராகன்' என்றே பெயர் வந்தது. வடிவம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறது, நியோய் பிஸென் என்கிறது, ரம்பப் பல் காகெமித்சு என்கிறது, கையெழுத்தும் அதையே சொல்கிறது. இப்படி எல்லாச் சாட்சியும் ஒரே கதையைச் சொன்னால்தான் மெய் மெய்யாகிறது.

பெயரில்லாத வாளுக்குப் பெயர் வைத்தவர்கள்

வாள்களை மெருகேற்றுவதும் மதிப்பிடுவதும் ஹோனாமி குடும்பத்தின் பரம்பரைத் தொழில். எழுத்தோவியமும் மட்பாண்டமும் செய்த புகழ்பெற்ற கலைஞர் ஹோனாமி கோயெத்சுவும் இந்தக் குடும்பம்தான். கையெழுத்தில்லாத வாளைப் பார்த்து 'இது இன்னார் செய்தது' என்று அவர்கள் முடிவு செய்தால், சிலவற்றில் அந்தப் பெயரை நகாகோவில் தங்கத்தால் பதித்துவிடுவார்கள். கூடவே மதிப்பும் விலையும் எழுதி மடித்த ஒரு சான்றிதழ். அதற்குப் பெயர் 'ஒரிகாமி'. ஆமாம், குழந்தைகள் காகிதக் கொக்கு மடிக்கும் அதே சொல்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மசாமுனே கையெழுத்திட்ட வாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் குறுவாள்கள். இன்று 'மசாமுனே' என்று போற்றப்படும் நீள வாள்கள் அநேகமாக எல்லாமே ஹோனாமி போன்றவர்களின் தீர்ப்பில் மசாமுனே ஆனவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மசாமுனே என்ற பெருங்கொல்லர் உண்மையிலேயே இருந்தாரா என்று பத்திரிகையில் சர்ச்சையே கிளம்பியது. இருந்தார் என்பதில் இன்று பெரிய சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெயரில்லாத வாளை 'மசாமுனே' என்றால், 'இந்த மரபில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை' என்ற தரச்சான்றும் அதற்குள் கலந்திருக்கிறது. ஹோஞ்சோ மசாமுனே என்ற புகழ்பெற்ற வாள் தொகுகாவா வம்சத்திடம் இருந்தது. 1945இல் ஆக்கிரமிப்புப் படையின் ஆணைப்படி டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பின் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இன்று சான்றிதழ் தரும் வேலையை முக்கியமாகச் செய்வது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். டோக்கியோவின் ரியோகொக்கு பகுதியில், சுமோ அரங்கம் இருக்கும் பேட்டையில், அவர்களுடைய வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. பாதுகாக்கத் தகுந்தது என்பதில் தொடங்கி நான்கு படிநிலைகளில் தாள் தருகிறார்கள். கையெழுத்து போலி என்று கண்டால் தாள் கிடையாது. வாள் நல்ல வாளாக இருந்தாலும் சரி. அதனால் உரிமையாளர்கள் போலிப் பெயரை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, முமெய்யாக மறுபடி கொண்டுவருவதும் நடக்கிறது. பொய் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்ற கணக்கு.

'ஜப்பான்காரன் காலம்' என்று தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டு வளர்ந்த மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1945இல் சரணடைந்த அதிகாரிகள் ஒப்படைத்த வாள்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை போருக்காக ஆலைகளில் அவசரமாகச் செய்தவை. நகாகோவில் சின்ன முத்திரை குத்தியிருக்கும். கீழ்நிலை அதிகாரிகளின் வாளில் வரிசை எண்ணே அடித்திருக்கும். மடித்த இழை தெரியாது. எண்ணெயில் குளிரவைத்த ஹமோனில் உயிர் இருக்காது. ஆனால் சில அதிகாரிகள் குடும்பத்தில் வழிவழியாக வந்த வாளை ராணுவ உறைக்குள் போட்டு எடுத்துப் போனார்கள். உறையைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கே எந்த வாள் கிடைத்தாலும், நகாகோவின் துருவை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். உப்புத்தாளை எடுத்து ஒரு மணி நேரம் பளபளவென்று தேய்த்தால், எழுநூறு வருடச் சாட்சியத்தை ஒரு மணி நேரத்தில் அழித்தாயிற்று. வெறும் விரலால் இரும்பைத் தொடுவதும் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் துரு பிடிக்கும்.

கடைசியாக ஒசாஃபுனேவுக்கே திரும்புவோம். அந்த ஊர் இப்போது செத்தோஉச்சி நகராட்சிக்குள் இருக்கிறது. அங்கே வாளுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் உண்டு. 2020இல் அந்த நகராட்சி, மக்களிடம் நன்கொடை திரட்டி, 50 கோடி யென் கொடுத்து ஒரு வாளை வாங்கியது. 'சாஞ்சோமோ' என்று பெயர். மலைப்பறவையின் இறகு என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்திலேயே செய்தது; பிற்காலத்தில் போர்த்தலைவர் உயெசுகி கென்ஷினிடம் இருந்தது. கென்ஷினின் ஊரான ஜோஎத்சுவும் அதை வாங்க முயன்றது, விலை படியவில்லை. அதன் ஹமோன் கிராம்பும் பூவுமாக உச்சிவரை கொந்தளிக்கும். நகாகோவில் கையெழுத்து இல்லை. அதிகாரபூர்வமான பெயரிலேயே 'முமெய் இச்சிமோன்ஜி' என்றுதான் இருக்கிறது. இச்சிமோன்ஜி என்றால் 'ஒன்று என்ற எழுத்து'. அந்தப் பள்ளிக் கொல்லர்களில் சிலர் தம் பெயரைக்கூட வெட்டாமல், ஒன்று என்பதைக் குறிக்கும் ஒற்றைக் கிடைக்கோட்டை மட்டும் நகாகோவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாஞ்சோமோவில் அந்தக் கோடும் இல்லை.